செக்கனுக்கு 18 தரம்

எங்கட பாடசாலைக் கணினி அறையில் ஒரு மெஷினுக்கு நாலு பேர். முதலில் ஓடிப்போய்க் கீபோர்ட்டைப் பிடித்தவர் பாடம் முடியும் வரைக்கும் அதிலேயே இருப்பார். மற்ற மூன்று பேரும் பின்னால் நின்று பார்ப்பார்கள். "கொஞ்சம் பொறு, இதை முடிச்சிட்டுத் தாறன்" என்பதுதான் அந்த அறையில் நாங்கள் அதிகம் கேட்ட வசனம். அந்த "இது" ஒருநாளும் முடியாது. பின்னால் நின்றவர்கள் யார் என்று பார்த்தால், தள்ளுப்பட்டு இடம் பிடிக்கத் தெரியாதவர்கள், கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், அநேகமாகப் பெண்பிள்ளைகள்.

பிறகு ஒரு ரீச்சர் வந்தா. அவ வீட்டிலிருந்து ஒரு அலாரம் மணிக்கூட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. பத்து நிமிடத்துக்கு ஒருக்கா மணி அடிக்கும். அடித்தால் இருக்கிறவர் எழும்ப வேண்டும், அடுத்தவர் இருக்க வேண்டும். விளக்கமும் இல்லை, விவாதமும் இல்லை. முதல் கிழமை நிறைய முணுமுணுப்பு. மூன்றாம் கிழமை எல்லோருக்கும் பழகிவிட்டது.

இந்தக் கதையை இப்போது சொல்லக் காரணம், அண்மையில் எங்களில் சிலர் ஒரு பழைய கணினிக்குள் அதே மணிக்கூட்டை வைக்கப் பார்த்ததுதான். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம் வெளியிட்ட பி.சி. உண்மையான மெஷின் எங்களிடம் இல்லை. டொஸ்பொக்ஸ் என்ற புரோகிராமை லப்டொப்பில் போட்டால் அது அந்த மெஷின் மாதிரியே நடிக்கும். ஒரு நேரத்தில் ஒரு வேலைக்கென்று வந்த கணினியை இரண்டு வேலை செய்ய வைப்பதுதான் எங்கள் எண்ணம்.

குழுவில் கணினி படிக்காத நண்பர் ஒருவர் கேட்டார்: "உதெல்லாம் இப்ப எதுக்கு? கையில இருக்கிற ஃபோனே ஒரே நேரத்தில நூறு வேலை செய்யுது."

நியாயமான கேள்வி. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம். சுருக்கமாகச் சொன்னால், அந்த நூறு வேலையும் ஒரு மணியை நம்பித்தான் நடக்கின்றன. அந்த மணியைப் பாவிக்காமல், ஒவ்வொரு புரோகிராமின் நல்ல மனசையும் நம்பிக் கட்டிய கணினிகளை உலகம் பதினைந்து வருடத்துக்கு மேல் பாவித்துப் பார்த்தது. அவை உறைந்து உறைந்து நின்றன. பகிர்ந்துகொள்வது பண்பு சார்ந்த விடயம் என்று நினைக்கிற எங்களைப் போன்ற ஆக்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஏ.எல் இல் தகவல் தொடர்பாடல் பாடம் எடுத்தவர்களுக்குப் பல்பணி என்ற சொல் தெரியும். "பணிசெயல் முறைமை எல்லாப் புரோகிராம்களையும் கட்டுப்படுத்துகிறது" என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். நாங்களும் எழுதினோம், புள்ளியும் கிடைத்தது. அப்போது எங்கள் மனதில் இருந்த படம், பரீட்சை மண்டபத்தில் நடந்து திரிகிற மேற்பார்வையாளரின் படம். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருப்பார்கள், அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் படம் பிழை. ஐ.பி.எம் பி.சியில் இருந்தது ஒரே ஒரு புரொசெசர், இன்டெல் 8088. அது ஒரு நேரத்தில் ஒரு கட்டளையைத்தான் செய்யும். பணிசெயல் முறைமையும் இன்னொரு புரோகிராம்தான். வேறொரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது பணிசெயல் முறைமை ஓடுவதில்லை. பார்த்துக்கொண்டிருப்பதும் இல்லை. அது நினைவகத்தில் வெறும் எழுத்தாகக் கிடக்கிறது. ஓடுகிற புரோகிராம் தானாக விட்டுக்கொடுத்தால் ஒழிய அதற்கு உயிர் வராது. அப்படியானால் விட்டுக்கொடுக்காத புரோகிராமிடமிருந்து முறையை யார் வாங்குவது? இந்தக் கேள்வியை எங்களிடம் பரீட்சையில் யாரும் கேட்கவில்லை.

பதில், புரொசெசருக்கு வெளியே இருக்கிற ஒரு மணிக்கூடு.

அந்தப் பி.சியின் பலகையில் ஒரு குவார்ட்ஸ் பளிங்கு செக்கனுக்கு 14,318,180 தரம் அதிரும். ஏன் இப்படி ஒரு விசித்திரமான எண்? அமெரிக்க வர்ணத் தொலைக்காட்சியின் நிறச் சமிக்ஞைக்கான மீடிறன் கிட்டத்தட்ட 3.58 மெகாஹேர்ட்ஸ். இது அதன் நாலு மடங்கு. கணினியின் படத்தை ரீவியிலும் காட்டலாம் என்று திட்டமிட்டதால் எல்லாவற்றையும் ஒரே பளிங்கிலேயே ஓட்டினார்கள். அந்த எண்ணை மூன்றால் பிரித்தால் 8088 இன் வேகம், அதாவது 4.77 மெகாஹேர்ட்ஸ். பன்னிரண்டால் பிரித்தால் 1,193,182. செக்கனுக்கு இத்தனை துடிப்பு, இன்டெல் 8253 என்ற டைமர் சிப்புக்குப் போகும்.

அந்தச் சிப்புக்குள் மூன்று எண்ணிகள் இருக்கின்றன. ஒன்று நினைவகம் தன்னிடம் இருப்பதை மறந்துபோகாமல் அடிக்கடி புதுப்பிக்க. இன்னொன்று ஸ்பீக்கரில் "பீப்" சத்தம் எழுப்ப. மற்றது மணிக்கூடு. அது ஒரு தடவைக்கு ஆகக்கூடியது 65,536 துடிப்புகளை எண்ணும். எண்ணி முடிந்ததும் மணி அடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். 1,193,182 ஐ 65,536 ஆல் பிரித்துப் பாருங்கள், 18.2 வரும். செக்கனுக்கு 18 தரத்துக்குக் கொஞ்சம் கூட. ஏறத்தாழ 55 மில்லிசெக்கனுக்கு ஒரு மணி.

அந்த மணிக்குப் பெயர் குறுக்கீடு. இன்டரப்ட் என்று சொன்னால் கனபேருக்குப் பழக்கமாக இருக்கும். மணி அடித்ததும் 8088 தான் செய்துகொண்டிருக்கும் கட்டளையை முடிக்கும். பிறகு தன் கொடிகளையும் அடுத்ததாகச் செய்யவேண்டிய கட்டளையின் முகவரியையும் அடுக்கு என்ற நினைவகப் பகுதியில் எழுதி வைக்கும். வாசித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தில் பக்கத்தை மடித்துவிட்டு எழும்புகிற மாதிரி. நினைவகத்தின் ஆகத் தொடக்கத்தில் 1,024 பைட்டில் ஒரு பட்டியல் இருக்கும். எந்தக் குறுக்கீடு வந்தால் எங்கே போகவேண்டும் என்று 256 முகவரிகள் அதில் உண்டு. டைமர் மணிக்கு உரியது 8 ஆம் இலக்கம். அதில் இருக்கிற முகவரிக்குப் புரொசெசர் போகும்.

ஓடிக்கொண்டிருந்த புரோகிராமிடம் அனுமதி கேட்கப்படுவதில்லை. தான் நிறுத்தப்பட்டது அதற்குத் தெரியவும் வராது.

1981 இல் இந்த மணி ஏற்கெனவே அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஐ.பி.எம் அதைப் பாவித்தது இரண்டு சின்ன வேலைகளுக்கு. ஒன்று நேரத்தை எண்ண: ஒரு நாளைக்கு 1,573,040 மணி, அது முடிந்தால் நள்ளிரவு. மற்றது, ஃப்ளொப்பி டிஸ்க்கின் மோட்டார் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால் அதை நிறுத்த. ஆளுக்காள் முறை மாற்றுவதற்குத் தேவையான மணிக்கூடு அந்தப் பெட்டிக்குள் முதல் நாளிலிருந்தே இருந்தது. அதை அந்த வேலைக்குப் பாவிப்போம் என்ற முடிவுதான் இருக்கவில்லை.

அந்த முடிவை நாங்கள் எடுத்துப் பார்த்தோம். 8 ஆம் இலக்கத்தில் இருந்த பழைய முகவரியை ஒரு பக்கம் குறித்து வைத்துவிட்டு, எங்கட புரோகிராமின் முகவரியை அங்கே எழுதினோம். இரண்டு சின்ன வேலைகள்: ஒன்று திரையின் மேல்பாதியில் 1, 1, 1 என்று எழுதிக்கொண்டே இருக்கும். மற்றது கீழ்ப்பாதியில் 2, 2, 2. இரண்டுமே முடிவில்லாத சுற்று. இரண்டுமே மற்றதைப் பற்றி ஒன்றும் அறியாதவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடுக்கு.

மணி அடித்ததும் நடப்பது இதுதான். முதலாவது வேலை கையில் வைத்திருந்த எல்லா ரெஜிஸ்டர்களையும் அதன் அடுக்கில் எழுதுகிறோம். அடுக்கின் நுனி எங்கே இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்கிறோம். பிறகு இரண்டாவது வேலையின் அடுக்குக்குத் தாவி, அது முன்பு விட்டுப்போன ரெஜிஸ்டர்களைத் திரும்ப எடுக்கிறோம். கடைசியாக "வந்த இடத்துக்குத் திரும்பிப் போ" என்ற கட்டளை. புரொசெசர் அடுக்கைப் பார்த்துத்தான் திரும்பும். அடுக்கோ மாறிவிட்டது. ஆகவே அது புறப்பட்ட இடத்துக்குப் போகாமல் வேறொரு வேலைக்குள் போய்ச் சேரும்.

இன்னும் தொடங்கவே இல்லாத வேலைக்கு என்ன செய்வது? அதன் அடுக்கில் நாங்களே ஒரு கள்ளப் பதிவை எழுதி வைக்க வேண்டும், அது முன்பொருக்கா ஓடி இடையில் நிறுத்தப்பட்டது போல. இதை முதலில் விளங்கிக்கொண்ட இரவு எங்களில் ஒருவர் வீட்டுக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார்.

முதல் தரம் ஓடவிட்டபோது திரையில் கொஞ்சம் 1 வந்தது, பிறகு 2 மட்டும் வந்துகொண்டே இருந்தது, முறை மாறவே இல்லை. கீபோர்ட்டும் வேலை செய்யவில்லை. பிழை எங்களுடையதுதான். குறுக்கீடுகளை வரிசைப்படுத்தும் 8259 என்று இன்னொரு சிப் இருக்கிறது. "இந்த மணியைப் பார்த்து முடித்துவிட்டோம்" என்று அதற்கு ஒவ்வொரு தரமும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது அடுத்த மணியைத் தராது. டைமருக்கு எல்லாவற்றிலும் முந்திய இடம் என்பதால், அதற்குப் பின்னால் நிற்கும் கீபோர்ட்டின் குறுக்கீடும் அடைபட்டுப் போகும். அந்த ஒரு வரியைச் சேர்த்தோம். மேலே 1, கீழே 2, இரண்டும் ஒன்றாக ஓடின. பார்க்கிறவருக்கு அது மிகச் சாதாரணமான காட்சி. எங்களுக்கு இல்லை.

இதே மாதிரி ஒரு காட்சியிலிருந்துதான் லினக்ஸ் தொடங்கியது. 1991 ஜனவரியில் ஹெல்சிங்கியில் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு 386 கணினி வாங்கினார். அதன் வேலை மாற்றும் வசதியைப் படிப்பதற்காக இரண்டு வேலைகளை எழுதினார். ஒன்று திரையில் ஏ என்ற எழுத்தைப் போடும், மற்றது பி. டைமர் மணி அடிக்க அடிக்க எழுத்து மாறும். பிறகு ஒன்று மோடத்திலிருந்து வருவதைத் திரையில் காட்டவும், மற்றது கீபோர்ட்டில் அடிப்பதை மோடத்துக்கு அனுப்பவும் மாறின. அப்படியே வளர்ந்து அந்த வருடமே லினக்ஸின் முதல் வடிவம் வெளிவந்தது. அதில் டைமருக்குக் கொடுக்கிற எண்ணைக் கணக்கிடும் வரி இருக்கிறது: 1,193,180 ஐ 100 ஆல் வகுத்தது. அதே ரீவிக்கார எண், கடைசி இலக்கத்தை மட்டும் கொஞ்சம் உருட்டிப் போட்டிருக்கிறார். செக்கனுக்கு 100 மணி.

இனி எங்கட வாதத்துக்கு வருகிறோம்.

மணியடித்து முறை மாற்றுவது 1991 இலோ 1981 இலோ வந்த புது யோசனை இல்லை. 1961 இலேயே எம்.ஐ.டியில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஒரு பெரிய ஐ.பி.எம் கணினியைப் பல பேர் பகிர்ந்து பாவிக்கச் செய்து காட்டிவிட்டது. ஆனால் இருபது வருடத்துக்குப் பிறகு தனிநபர் கணினி வந்தபோது, "இது ஒரு ஆளின் மெஷின்தானே, இதில் பகிர என்ன இருக்கிறது?" என்று நினைத்தார்கள். அந்த ஒரு ஆளுக்கே ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யத் தேவை வந்தபோது, வேறு வழி எடுத்தார்கள். 1985 இல் வந்த முதல் விண்டோஸும், 1987 இல் மக்கின்டோஷுக்கு வந்த மல்டிஃபைண்டரும் புரோகிராம்களிடம் ஒரு நல்ல பழக்கத்தை எதிர்பார்த்தன: உன் வேலையில் கொஞ்சத்தைச் செய், பிறகு நீயாகவே மற்றவருக்கு விட்டுக்கொடு. இதை ஒத்துழைப்புப் பல்பணி என்பார்கள். கேட்க எவ்வளவு அழகான பெயர்.

நடந்தது என்ன? ஒரு புரோகிராம் பெரிய கணக்கில் இறங்கினால் மவுஸ் அம்புக்குறி மணற்கடிகாரமாக மாறும். முழுக் கணினியும் அதற்காகக் காத்திருக்கும். அந்தப் புரோகிராம் பிழையான சுற்றில் மாட்டிக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. மெஷினை நிறுத்திப் போட வேண்டும், மற்றப் புரோகிராம்களில் சேமிக்காமல் இருந்ததெல்லாம் போய்விடும். விண்டோஸ் பாவித்தவர்கள் 1995 வரைக்கும் இப்படி வாழ்ந்தார்கள். அதற்குப் பிறகும் பழைய 16 பிட் புரோகிராம்கள் கொஞ்சக் காலம் அந்தக் கரைச்சலைக் கொடுத்தன. மக்கின்டோஷ்காரர் 2001 வரைக்கும்.

கவனிக்க வேண்டிய விடயம், இதற்குக் கெட்ட புரோகிராம் தேவையில்லை. அந்தப் பெரிய கணக்கைப் போட்ட புரோகிராம் தன்னுடைய வேலையை நேர்மையாகத்தான் செய்தது. தான் எவ்வளவு நேரம் எடுத்துவிட்டது என்பது அதற்குத் தெரியாது. பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியாது. எங்கட கணினி அறையில் கீபோர்ட்டை விடாதவர்களும் கூடாத பெடியள் இல்லை. உண்மையிலேயே "இதை முடிச்சிட்டுத் தாறன்" என்றுதான் நினைத்தார்கள். கதிரையில் இருப்பவருக்குப் பத்து நிமிடம் இரண்டு நிமிடமாகத் தெரியும். நிற்கிறவருக்கு அது இருபது நிமிடம். நல்ல மனசு இருந்தாலும் இந்த வித்தியாசம் மாறாது.

அன்றைய பொறியியலாளர்கள் மடையர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. இடையில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தப்படலாம் என்று எதிர்பார்த்துப் புரோகிராம் எழுதுவது கடினம். டொஸ்ஸே அதற்குத் தயாராக இல்லை. எங்கட இரண்டு வேலைகளையும் நேரடியாகத் திரைக்கு எழுதாமல் டொஸ் மூலமாக எழுதவிட்டுப் பார்த்தோம். ஒருவர் டொஸ்ஸுக்குள் நிற்கும்போது மணி அடித்தது, மற்றவரும் உள்ளே போனார், எல்லாம் குழம்பி நின்றது. ஒரு கடையில் ஒரே ஒரு கணக்குக் கொப்பி இருக்க, முதலாமவர் பாதி வரி எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டாமவர் அதே வரியில் எழுதத் தொடங்கினது மாதிரி. "நான் இப்போது உள்ளே இருக்கிறேன்" என்று காட்டும் ஒரு அடையாளம் டொஸ்ஸுக்குள் இருந்தது. அது நெடுங்காலம் மைக்ரோசொஃப்ட்டின் கையேட்டில் எழுதப்படாமலே இருந்தது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லித்தான் அந்தக் காலத்துப் புரோகிராமர்கள் தப்பினார்கள்.

ஆகவே மணி மட்டும் போதாது. எங்கட சின்னப் பரிசோதனையிலிருந்து, மணி நியாயமாக இருப்பதற்கு மூன்று விடயங்கள் தேவை என்று விளங்கியது.

முதலாவது, நிறுத்தப்படுபவர் எதையும் இழக்கக்கூடாது. எல்லா ரெஜிஸ்டர்களையும் காப்பாற்றுகிறோம், ஒன்றை மறந்தாலும் அந்த வேலை திரும்பி வரும்போது பிழையான கணக்கோடு வரும். ரீச்சரின் மணிக்கூட்டில் இந்தக் குறை இருந்தது. மணி அடித்ததும் அடுத்தவர் வந்து முன்னவரின் வேலையைச் சேமிக்காமலே மூடிவிடுவார். முறை மாற்றியது சரி, ஆனால் பாதி செய்த வேலை பறிபோனது. அதனால்தான் முணுமுணுப்பு. பிறகு அவ மணி அடித்த பிறகு சேமிக்க அரை நிமிடம் தந்தா, முணுமுணுப்பு நின்றது.

இரண்டாவது, துண்டின் அளவு. 8088 இல் இரண்டு மணிக்கு இடையில் புரொசெசருக்கு 262,144 துடிப்புகள் கிடைக்கும். வேலை மாற்றுவதற்குச் சில நூறு துடிப்பு போனால் அது ஒரு செலவே இல்லை. நாங்கள் ஆசையில் எண்ணியின் பெறுமானத்தைக் குறைத்து, செக்கனுக்கு 10,000 மணி வைத்தால் எப்படி என்று கணக்குப் பார்த்தோம். ஒரு முறைக்கு 477 துடிப்புத்தான் மிஞ்சும். வந்து உட்காரவும் எழும்பவுமே அது சரி. எல்லோருக்கும் சமமாக ஒன்றுமில்லாததைக் கொடுப்பதும் ஒரு பங்கீடுதான், ஆனால் அதனால் யாருக்கும் பயனில்லை.

மூன்றாவதுதான் ஆக முக்கியம். மணிக்கு உட்பட்டவர்களின் கை மணியில் படக்கூடாது. 8088 இல் எந்தப் புரோகிராமும் ஒரே ஒரு கட்டளையால் எல்லாக் குறுக்கீட்டையும் அடைத்துவிடலாம். எந்தப் புரோகிராமும் டைமரின் எண்ணை மாற்றலாம். கேம் எழுதியவர்கள் அசைவும் இசையும் நன்றாக வருவதற்காக மணியை வேகமாக்கினார்கள். வெளியேறும்போது பழையபடி வைக்க மறந்தால் கணினியின் நேரம் தலைதெறிக்க ஓடும். 1985 இல் வந்த அமிகா இந்த விடயத்தில் மற்றவர்களுக்கு முன்னால் நின்றது. 256 கிலோபைட் நினைவகத்தில் கார்ல் சாசென்ராத் எழுதிய அதன் மையப் புரோகிராம் உண்மையான மணியடித்த பல்பணியைச் செய்தது. ஆனால் அதிலும் "மற்றவருக்கு முறை கொடுக்காதே" என்று எந்தப் புரோகிராமும் கேட்கலாம், கொடுக்கப்படும். அதே 1985 இல் வந்த இன்டெல் 386 இல், பாதுகாப்பை ஒழுங்காகப் பாவித்தால், சாதாரண புரோகிராம் மணியை அடைக்க முயன்றதும் புரொசெசரே அதைப் பிடித்துப் பணிசெயல் முறைமையிடம் ஒப்படைக்கும்.

சரி, அந்தப் பணிசெயல் முறைமைக்கு யார் மணி அடிப்பது? லினக்ஸின் முதல் வடிவத்தில் இதற்கும் ஒரு வரி இருக்கிறது. மணி அடித்த நேரம் சாதாரண புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தால்தான் முறை மாறும். மையப் பகுதி ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். அதாவது மணி எல்லோருக்கும் பொது, அதிகாரத்தில் இருப்பவரைத் தவிர. அந்த மையத்தையும் இடையில் நிறுத்தலாம் என்ற வசதி 2003 இன் கடைசியில் வந்த 2.6 ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. பன்னிரண்டு வருடம்.

ஒரு மறுப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒத்துழைப்புப் பல்பணி செத்துப்போகவில்லை. இணையத்தளங்களில் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட் இன்றைக்கும் அப்படித்தான். ஒரு பக்கத்தின் நிரல் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அந்தப் பக்கத்தில் அடுத்தது நடக்கும். எழுதுகிறவருக்கு அது நிம்மதியும்கூட, பாதி வரியில் யாரும் வந்து குழப்பமாட்டார்கள். ஆனால் அது ஒரு பக்கத்துக்குள் மட்டும். ஒரு பக்கம் உறைந்தால் பிரவுசரும் கணினியும் தப்பி நிற்பதற்குக் காரணம், வெளியே ஒரு மணி அடித்துக்கொண்டிருப்பது. எங்கட கருத்து இதுதான்: ஒருவரையொருவர் அறிந்த, ஒரே கையால் எழுதப்பட்ட வேலைகளுக்குள் ஒத்துழைப்புப் போதும். அறியாதவர்கள் ஒரே இடத்தைப் பகிரும்போது மணி வேண்டும்.

இதை எழுதும்போது எங்களுக்கு ஒரு சங்கடமும் இருந்தது. இந்தக் குழுவின் மாதாந்தச் சந்திப்புகளில் யார் அதிகம் கதைக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதே மூன்று, நாலு பேர். "எல்லாரும் தோழர்கள்தானே, யாரும் கதைக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் வந்து, ஒன்றும் கதைக்காமலே நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் வெளியேற்றவில்லை. நாங்கள் வேலையை நேர்மையாகச் செய்துகொண்டிருந்தோம், நேரம் போனது எங்களுக்குத் தெரியவில்லை.

போன சந்திப்பில் ஒரு ஃபோனில் ஐந்து நிமிட மணி வைத்தோம். ஒருவர் கோபித்தார்: "நாங்கள் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையளே?" நல்ல மனசை நம்பினால் போதும் என்பதுதான் அவருடைய வாதம். மணி அடித்தபோது அவர் ஒரு நல்ல கருத்தின் நடுவில் இருந்தார் என்பதும் உண்மை. ஆகவே அவர் எங்கே விட்டார் என்று ஒருவர் கொப்பியில் குறித்துக்கொண்டார். அடுத்த சுற்றில் அந்த இடத்திலிருந்தே அவர் தொடங்கினார். அன்று முதல் தடவையாக ஒரு தங்கச்சி கதைத்தா. ஏழு மாதமாக வந்துகொண்டிருந்தவ.

மணி வைத்திருந்த ஃபோன் எங்களில் பழைய ஆள் ஒருவருடையது. அவர் கதைக்கும்போது மட்டும் மணி கொஞ்சம் பிந்தி அடித்தது என்று பிறகு இரண்டு பேர் சொன்னார்கள். வரும் மாதத்திலிருந்து மணியை வைத்திருப்பவரும் முறைக்கு முறை மாறுவார். முதல் முறை அந்தத் தங்கச்சிக்கு.